சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு நேர்வழித் தூரம் சுமார் 15,350 கி.மீ. இந்த எண்ணைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம்.

சாங்கி இருப்பது 1.36 பாகை வடக்கு, 104 பாகை கிழக்கு. கென்னடி 40.64 வடக்கு, 73.8 மேற்கு. தீர்க்கரேகை இடைவெளி கிட்டத்தட்ட 178 பாகை, அதாவது உலக உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, அங்கிருந்து கென்னடிக்கு 49.36, மொத்தம் 138. பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346. தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்தால் இந்த வழி கண்ணுக்கே படாது. ஆனால் இந்தச் சுலபக் கணக்கு இப்படி எதிரெதிர்ப் பக்கங்களில் இல்லாத ஊர்களுக்குச் செல்லாது. சென்னை–லண்டனுக்கு உருண்டைப் பரப்புக்கான கோணக் கணக்குத்தான் போட வேண்டும்.

விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. சாங்கியிலிருந்து கிளம்புவது பெரும்பாலும் பசிபிக் மேலாக, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டத்தைப் பிடித்துக்கொண்டு போகும். கிலோமீட்டர் கூடும், நேரம் குறையும்.

காற்றை லேசாக நினைக்கக் கூடாது. 16,000 கி.மீ.யை மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் கடக்க 17 மணி 47 நிமிடம். 100 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் 16 மணி, எதிர்த்தால் 20 மணி. போக வரச் சேர்த்து 36 மணி. காற்றே இல்லாவிட்டால் சுமார் 35 மணி 33 நிமிடம். போகும்போது மிச்சமானது வரும்போதைய இழப்பை ஈடுகட்டிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஈடுகட்டாது, ஏனென்றால் எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது.

அட்டவணையில் போடுவது சுமார் 18 மணி 40 நிமிடம். இது வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாயிலில் நிற்கும் வரை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும் காத்திருப்பதும் இதற்குள் அடக்கம். இதற்கென வடிவமைத்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்த எடைக்கு ஈடாக இருக்கைகள் 161 மட்டுமே, எகானமி வகுப்பே கிடையாது. 18 மணி நேரம் உட்காரப்போகிறவர்களுக்கு அது நல்லதுதான்.

அதிகம் தவறுவது கடிகாரத்தில். குளிர்காலத்தில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 13 மணி பின்தங்கியிருக்கும்; மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி. ஜனவரியில் இரவு 11:30க்குக் கிளம்பினால் சிங்கப்பூர்க் கணக்கில் மறுநாள் மாலை 6:10க்கு இறங்குவீர்கள். 13 மணியைக் கழித்தால் நியூயார்க்கில் அதே மறுநாள் விடியற்காலை 5:10. டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களை மட்டும் கழித்தால் 5 மணி 40 நிமிடம்தான் வரும், 13ஐக் கூட்ட மறக்காதீர்கள். ஜூலையில் அதே விமானம் 6:10க்கு இறங்கும். அங்கிருந்து 7 மணிக்கு இணைப்பு விமானம் பிடிப்பதாக இருந்தால், குடியேற்றப் பரிசோதனைக்கு 50 நிமிடம் போதாது.