கொல்லையில் ஆவாரை

2022 செப்டம்பர் 25, கோவில்பட்டி

கண்மாய்க் கரையில் ஆவாரை நெற்று பறித்து வந்தேன். நூறு விதை தேறும். "காட்டுல கெடக்குற செடிய எவனாவது வீட்டுல வைப்பானா?" என்றாள் அம்மா. வண்டுக்காக வைக்கிறேன் என்றால் இன்னும் சிரிப்பாள். சொல்லவில்லை.

அக்டோபர் 9

ஊன்றிய இருபதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைத்தோல் கல் மாதிரி. இந்தத் தடவை கொதித்த தண்ணீரை இறக்கி, கொஞ்சம் ஆறியதும் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். ஊறிப் பருத்ததை மட்டும் நேராகத் தரையிலேயே ஊன்றினேன். ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கும் செடி. தொட்டியில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் பிழைப்பது சிரமம்.

அக்டோபர் 18

ஏழு முளை.

2023 ஏப்ரல் 30

பாவம் பார்த்து நான் தினமும் தண்ணீர் ஊற்றிய இரண்டும் மஞ்சளாகிச் செத்துவிட்டன. கரிசல் ஈரத்தை லேசில் விடாது, வேர் அழுகல். எட்டிப்பார்க்காமல் விட்ட ஐந்தும் அக்கினி நட்சத்திரத்துக்குத் தயாராக நிற்கின்றன.

ஆகஸ்ட் 13

பச்சைப் புழு. இரண்டு செடி மொட்டை. அம்மா வேப்பெண்ணெய் கலக்க ஆரம்பித்தாள், தடுத்துவிட்டேன். வெளிறிய பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சி இருக்கிறதே, அதன் பிள்ளைகள் இவை. ஆவாரை, தகரை வகைச் செடிகளைத் தேடி வந்துதான் அது முட்டையிடும். பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால் எப்படி?

ஆகஸ்ட் 29

மொட்டையில் தளிர்.

டிசம்பர் 19

இரண்டு நாள் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர். வறட்சியைத் தாங்கும் என்று வைத்த செடியை வெள்ளத்துக்குள் தேடிக்கொண்டிருக்கிறேன். மேட்டில் இருக்கிற இரண்டுதான் தெரிகின்றன.

2024 ஜனவரி 14

போகி. பள்ளத்தில் இருந்த மூன்றும் போனவை போனவைதான். மேட்டுச் செடிகள் மஞ்சளாகப் பூத்துவிட்டன. காப்புக் கட்டப் பூளைப்பூ மட்டும் வாங்கினோம். வேப்பிலைக்குத் தெருமுனை மரம், ஆவாரம்பூவுக்குக் கொல்லை. அம்மா நாலு கொத்து ஒடித்ததும் "போதும்மா" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

ஜனவரி 21

வந்துவிட்டது! கட்டைவிரல் பருமனில் கருவண்டு. பெயர்தான் வண்டு, உண்மையில் தேனீ இனம். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வரும். வண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவிடுகிறது. உப்பு டப்பாவைக் குலுக்கின மாதிரி தூள் கொட்டுகிறது. அந்தச் சத்தம் பறக்கிற ரீங்காரம் இல்லை, விட்டுவிட்டு, கூர்மையாக. "போன் அடிக்குது பாரு" என்றாள் அம்மா. அது போனதும் இதழில் சிந்தியதைப் பொறுக்கக் கொசுத்தேனீ வந்தது.

பிப்ரவரி 4

அவரைப் பந்தல் மூங்கிலில் வட்டமாக ஒரு துளை. கீழே மரத்தூள். கருவண்டு குடிவந்துவிட்டது. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.