முன்னாள் மாணவர் சங்கங்களில் உழைப்போருக்கு உரிய மரியாதை

முன்னாள் மாணவர் சங்கங்கள் வழங்கும் விருதுகளைக் கவனிக்கும்போதெல்லாம் ஒரு குறை என் மனத்தை உறுத்துகிறது. பள்ளியில் படித்துப் பின்னாளில் உயர்பதவி வகித்தவர், தொழிலில் வளர்ந்தவர், ஆய்வில் பெயர் பெற்றவர் ஆகியோர் மேடைக்கு அழைக்கப்படுகிறார்கள். அது முறையே, அவர்களால் பள்ளிக்குப் பெருமை. ஆனால் அந்த விழா நடப்பதற்கே காரணமானவர்கள், அதாவது எங்கெங்கோ சிதறிப்போன பழைய மாணவர்களின் தொலைபேசி எண்களைத் தேடிப் பிடித்தவர்களும், வரவு செலவுக் கணக்கை எழுதியவர்களும், அழைப்பு அனுப்பியதோடு நில்லாமல் ஒவ்வொருவரிடமும் பேசி வரவை உறுதி செய்தவர்களும், நன்றியுரையின் கடைசி வரியில் "மற்றும் விழாக் குழுவினர் அனைவருக்கும்" என்ற ஒரே தொடருக்குள் அடங்கிப்போகிறார்கள். ஒரு சங்கத்தின் செயற்குழுவில் இருப்பவன் என்ற முறையில், இவர்களுக்கான மரியாதை தனியாகவும் முறையாகவும் செய்யப்பட வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

சாதனைக்கான விருதும் சேவைக்கான விருதும் வெவ்வேறானவை. சாதனையாளர் தம் துறையில் செய்ததற்காகக் கௌரவிக்கப்படுகிறார். சேவையாளர் இந்தச் சமூகத்துக்குச் செய்ததற்காகக் கௌரவிக்கப்பட வேண்டும். பழைய கல்வி நிறுவனங்கள் சில இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் அமைப்பு 1952 முதல் வழங்கிவரும் யேல் பதக்கமும், ஹார்வர்டில் 1981 முதல் வழங்கப்படும் ஹார்வர்ட் பதக்கமும், பெறுபவரின் புகழையோ பதவியையோ பார்த்துத் தரப்படுபவை அல்ல. நிறுவனத்துக்கு ஆற்றிய தொண்டை மட்டுமே அளவுகோலாகக் கொண்டவை. இன்னும் பின்னோக்கிப் போனால், அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் 1821-இல் முன்னாள் மாணவர் சங்கம் தோன்றியதற்குக் காரணமே ஒரு நெருக்கடிதான். கல்லூரித் தலைவரும் மாணவர்களில் ஒரு பகுதியினரும் புதிதாகத் தொடங்கிய ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குச் சென்றுவிட, தாம் படித்த இடம் நிலைக்குமா என்ற கவலையில் பழைய மாணவர்கள் கூடிக் கைகொடுத்தார்கள். இன்றுவரை தொடர்ந்து இயங்கும் முன்னாள் மாணவர் சங்கங்களில் அதுவே மிகப் பழமையானது என்பார்கள். தொண்டிலிருந்து பிறந்த ஓர் அமைப்பு தொண்டைக் கொண்டாட மறந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்தத் தொண்டு எத்தகையது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் மாறுகின்றன, ஊர்கள் மாறுகின்றன, திருமணத்துக்குப் பின் சிலருடைய பெயர்களும் மாறுகின்றன. பள்ளிப் பதிவேட்டில் முதலெழுத்து ஒன்றாகவும் இன்றைய வழக்கில் வேறாகவும் இருக்கும். ஒரு பேட்ச்சின் பொறுப்பாளர் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். தம்மிடம் வந்து சேரும் எண்களும் முகவரிகளும் வணிக அழைப்புகளுக்குப் பயன்பட்டுவிடாமல் காக்கவும் வேண்டும். உடன் படித்த ஒருவர் இறந்துவிட்டதாகச் செய்தி வரும்போது அதைக் குழுவில் உடனே பகிர்ந்துவிடாமல், முதலில் குடும்பத்தாரிடம் உறுதி செய்துகொண்டு, அவர்கள் விரும்பும் அளவுக்கு மட்டும் தெரிவிக்கும் பக்குவம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கல்வி உதவித்தொகைக்கு வரும் விண்ணப்பங்களைப் படிப்பவர் பல குடும்பங்களின் வறுமையையும் நோயையும் கடனையும் அறிந்துகொள்கிறார். அறிந்ததை வெளியே சொல்லாமல் காப்பதும் அவருடைய சேவையே. பொருளாளரின் பணியோ நிறைவாக நடக்கும்போது யார் கண்ணிலும் படுவதில்லை. சிறுசிறு சந்தாத் தொகைகளுக்கெல்லாம் ரசீது எழுதி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, தணிக்கைக்கு உரிய காலத்தில் தாள்களைத் தயாராக வைப்பவரால்தான் சங்கத்தின் மீது நம்பிக்கை நிலைக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அரசியல் வாக்குவாதம் முற்றும்போது இருதரப்பாரிடமும் தனியே பேசித் தணிக்கும் நிர்வாகியையும் நான் இந்த வரிசையில் சேர்ப்பேன்.

இவர்களைக் கௌரவிப்பதென்றால் கேடயமும் சான்றிதழும் தருவதோடு முடிந்துவிடும் என்று பலர் கருதுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை கேடயத்தைவிடத் தகுதியுரையே முக்கியம். "அரும்பணியைப் பாராட்டி" என்ற பொதுவாசகம் யாருக்கும் பொருந்தும் என்பதால் அது யாரையும் தொடுவதில்லை. "தொடர்பு அறுந்திருந்த முதல் ஐந்து பேட்ச்சுகளின் பட்டியலை மீட்டெடுத்தவர்" என்று மேடையில் வாசிக்கும்போது, பெறுபவர் தம் உழைப்பை மற்றவர்கள் உண்மையில் பார்த்திருக்கிறார்கள் என்று அறிகிறார். கேட்பவர்களும் அந்தப் பணி இருப்பதையே அன்றுதான் அறிகிறார்கள்.

பாராட்டு ஆர்வத்தைக் கெடுத்துவிடாதா என்ற ஐயம் நியாயமானது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், ஆசையோடு படம் வரைந்துகொண்டிருந்த சிறுவர்களுள் பரிசு தருவதாக முன்கூட்டியே வாக்களிக்கப்பட்டவர்கள் பிற்பாடு வரைவதில் நாட்டம் குறைந்தவர்களாகக் காணப்பட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. இத்தகைய 128 ஆய்வுகளை ஒருசேர ஆராய்ந்து 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை, எதிர்பார்க்கவைத்துத் தரும் பொருட்பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது என்றும், செய்த வேலையைக் குறித்துச் சொல்லும் நல்ல வார்த்தை பொதுவாக அதை வளர்க்கிறது என்றும் காட்டியது. ஆகவே இத்தனை ஆண்டு பணியாற்றினால் இந்த விருது என்று அட்டவணை போடுவதை நான் ஏற்கமாட்டேன். அது சேவையைக் கூலியாக்கிவிடும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் செயற்குழு மட்டும் தீர்மானிக்கக் கூடாது. குழுவினர் தங்களுக்குத் தாங்களே விருது வழங்கிக்கொள்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால், தகுதியான ஒருவர் பெறும் மரியாதையும் அதனால் களங்கப்படும். உறுப்பினர்களிடமிருந்தே பரிந்துரை வரட்டும்.

மேடைக்கு வெளியே செய்ய வேண்டிய மரியாதை இன்னும் பெரிது என்று நினைக்கிறேன். தன்னார்வலர் கைப்பணத்திலிருந்து செய்யும் செலவை அவர் கேட்பதற்கு முன்பே சங்கம் கணக்கிட்டுத் திருப்பித் தர வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டே பலர் இழக்கிறார்கள், வசதி குறைந்தவர்கள் அதனாலேயே பொறுப்பேற்கத் தயங்குகிறார்கள். பதவிக்காலத்துக்கு ஒரு முடிவும், பொறுப்பை வாங்கிக்கொள்ள அடுத்தவர் ஒருவரும் இருக்க வேண்டும். "உங்களைப் போல யாராலும் முடியாது" என்று புகழ்ந்தே ஒருவரை ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்துவைப்பதை நான் கௌரவமாக எண்ணவில்லை. மேடையை விரும்பாதவரை வற்புறுத்தி ஏற்றவும் வேண்டாம். அவருக்குக் கையால் எழுதிய ஒரு கடிதம் போதும். வேலை தேடும் இளைய உறுப்பினருக்கோ அவர் ஆற்றிய பொறுப்புகளை விவரிக்கும் ஒரு சான்றுக் கடிதம் மிகவும் பயன்படும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985-இல் அறிவித்த டிசம்பர் 5, தன்னார்வலர் நாளாக உலகெங்கும் நினைக்கப்படுகிறது; இத்தகைய கடிதங்களை எழுதி அனுப்ப அது பொருத்தமான நாள்.

கடைசியாக ஒன்று. பெரும்பாலான சங்கங்களின் விதிகள் முன்னாள் மாணவர்களுக்கு மட்டுமே விருது என்கின்றன. ஆனால் நாங்கள் பெயர் தேடிச் செல்லும்போது பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துத் தூசி தட்டிப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தருபவர் பள்ளி அலுவலக ஊழியர். அந்தப் பள்ளியில் அவர் படித்ததே இல்லை. ஓய்வுபெற்ற பிறகும் பழைய மாணவர்களின் முகங்களைப் புகைப்படத்தில் அடையாளம் காட்டும் ஆசிரியர்களும் அப்படியே. சேவைக்கான விருதை அவர்களும் பெறும்படி விதியைத் திருத்த வேண்டும் என்ற தீர்மானத்தை எங்கள் அடுத்த பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கிறேன்.