பூபதியின் இடுப்பு

எங்கள் அப்பா கண்ணபுரம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் அரை நாள் ஆகிவிடும். வாயைத் திறந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார், தாய் மாடு யார் தோட்டத்தது என்று விசாரிப்பார். அவர் மகனான நான், ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியை வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு போட்டோவைப் பார்த்து வாங்கினேன். கேட்டது ஒரே கேள்வி: கென்னல் கிளப் பேப்பர் இருக்கிறதா? இருந்தது. தாய் தகப்பன் பேர், அதற்கு மேலே பாட்டன் பேர்கூட இருந்தது. அவற்றின் இடுப்பு எப்படி என்று அந்தப் பேப்பர் சொல்லாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நம்பியூர் பக்கம் எங்கள் தோட்டம். குட்டிக்குப் பூபதி என்று என் மகன் பேர் வைத்தான். பக்கத்துத் தோட்டத்திலும் ஒரு பூபதி மாமா இருக்கிறார். அவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நன்றாக வளர்க்கிறோம் என்று நினைத்துத்தான் எல்லாத் தப்பையும் செய்தோம். பாலும் முட்டையும் எலும்புச் சாறும் கணக்கில்லாமல் போயின. போதாததற்கு அம்மா தன் தட்டிலிருந்து அள்ளிப் போடுவார். வீடு முழுக்க வழவழப்பான டைல்ஸ். ஏழாவது மாதத்தில் பூபதி ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, முயல் மாதிரி எம்பி எம்பி ஓட ஆரம்பித்தான். அழகாக இருக்கிறது என்று வீடியோ எடுத்து வைத்தோம். அந்த வீடியோவை இப்போது பார்த்தால் வயிறு பிசைகிறது.

பிறகு காலையில் எழுந்திருக்கத் திணறினான். திண்ணைப் படி இரண்டே இரண்டுதான், அதன் முன்னால் நின்று யோசிப்பான். "சத்துப் பத்தலீங்க, கால்சியம் ஊத்துங்க, ரெண்டு மாசத்துல நிமிந்துரும்" என்றார்கள் பார்த்தவர்கள் எல்லாரும். ஊற்றினோம். பெரிய இன நாய்க்குட்டிக்குச் சரியான தீவனம் கொடுத்துக்கொண்டே மேலே கால்சியமும் ஏற்றினால், வளர்கிற எலும்புக்கு அது கெடுதல் என்று பின்னால்தான் தெரிந்தது. உள்ளூரில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரேயும் எடுத்தோம். மயக்கம் கொடுக்கவில்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுத்தார்கள், நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள்.

பதினான்காவது மாதத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். முதல் நாள் ராத்திரியிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இல்லை. ஈரோடு, திருச்செங்கோடு வழியாகப் போகிற தூரம் முழுக்க என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தான். எடை மேடையில் 43 கிலோ. ஆண் ஷெப்பர்ட் 30 முதல் 40 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

டாக்டர் முதலில் பார்த்தது இடுப்பை அல்ல. நிற்கவைத்து, பின்னங்கால் பாதத்தை மடக்கி, விரல்களின் மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். பூபதி உடனே காலை நேராக்கிக்கொண்டான். இன்னொரு காலிலும் அப்படியே. இந்த இனத்தில் தண்டுவடம் மெல்ல மெல்லக் கெட்டுப்போகிற பரம்பரை நோய் ஒன்று உண்டாம். வலி இருக்காது, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும், பெரும்பாலும் எட்டு வயதையொட்டித்தான் தெரியவரும். இவனுக்கு வயதும் குறைவு, வலியும் இருக்கிறது, அதனால் அது இல்லை என்றார். பாதி மூச்சு எனக்குத் திரும்பி வந்தது.

அப்புறம் மயக்க ஊசி. மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக இழுத்து, முட்டியை உள்பக்கம் திருப்பிப் பிடித்து எடுத்தார்கள். தசை தளர்ந்தால்தான் மூட்டு எவ்வளவு ஆடுகிறது என்பது தெரியும். முழித்திருக்கிற நாயை இப்படிப் பிடிக்கவும் முடியாது. படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, டாக்டர் ஒரு கையைக் கிண்ணம் மாதிரி குவித்து, இன்னொரு கை முட்டியை அதில் வைத்துக் காட்டினார். "இப்படி உக்காரணும். இவனுக்குக் கிண்ணத்துக்கு ஆழமே இல்லீங்க, பந்து வெளியில நிக்குது." இரண்டு பக்கமும் அப்படித்தான், இடது பக்கம் மோசம். இடுப்பு மூட்டுப் பிறழ்வு. ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை, பல மரபணுக்கள் சேர்ந்து வருவது. பரம்பரையில் இருப்பதை அதிகத் தீனியும் வேகமான வளர்ச்சியும் இன்னும் கெடுத்துவிடும்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "தகப்பன் நாய் குதிரையாட்டம் ஓடுதுங்க, உங்க வளர்ப்புதான் சரியில்ல" என்றார். வளர்ப்பு சரியில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓடுகிற நாய்க்கு மூட்டு நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு வயதுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. தாய் தகப்பன் இரண்டுக்கும் நல்லபடியாக இருந்தாலும் குட்டிக்கு வரவே வராது என்றில்லை, வாய்ப்புக் குறையும். அந்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அதே ஈற்றில் பிறந்த ஒரு குட்டி திருப்பூரில் ஒரு வீட்டில் இருந்தது. அதற்கு இடுப்பில் ஒன்றுமில்லை. ஆனால் எவ்வளவு தின்றாலும் எலும்பும் தோலுமாக இருந்தது, எண்ணெய்ப் பிசுக்காகக் கழிந்தது. பூச்சி மருந்தாகக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்க் கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். கணையம் செரிமான நொதியைச் சுரக்கவில்லை. ஷெப்பர்டில் இதுவும் பரம்பரையாகக் காண்கிற சங்கதி. இப்போது ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் நொதிப் பொடி கலந்து போடுகிறார்கள், ஆயுளுக்கும் போட வேண்டும். தேறிவிட்டான்.

எங்களுக்கு முதல் வைத்தியம் பட்டினி என்றுதான் அம்மா சொல்லுவார். உண்மையில் அளவுச் சாப்பாடு. தராசில் எடை போட்டு இரண்டு வேளை. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளித்தான் வந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஊரு நாய்க்கு நம்மூரு சோறு கெடைக்கலயாட்ட இருக்குது" என்றார். அவரைச் சமாளித்ததுதான் இந்த மொத்த விவகாரத்திலும் கடினமான வேலை. ஒன்பது கிலோ குறைய எட்டு மாதம் ஆனது.

டைல்ஸில் சணல் சாக்கு விரித்தோம். வலி கூடுகிற நாட்களில் டாக்டர் எழுதிய மாத்திரை, அதுவும் சோற்றோடு மட்டும். வாந்தியோ கருப்பு மலமோ வந்தால் உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கிடக்கிற மனுஷ மாத்திரையைத் தொடவே கூடாது. ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். செயற்கை மூட்டு வைக்கிற அறுவை சிகிச்சை இருக்கிறது, எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

அவனைத் தேற்றியது நீச்சல். கீழ்பவானி வாய்க்காலில் இழுப்பு அதிகம், அங்கே விடவில்லை. மச்சான் தோட்டத்துப் பண்ணைக் குட்டையில் ஒரு பக்கம் மண் சரிவாக இருக்கும். மார்பில் வார் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து, பதினைந்து. மூட்டில் பாரம் ஏறாமல் தொடையில் சதை போட்டது. இப்போது நான்கு வயது, 34 கிலோ. மார்கழிக் குளிரில் மட்டும் எழுந்திருக்கச் சோம்பல் காட்டுவான்.

போன மாதம் கோபியிலிருந்து ஒருவர் பெட்டை நாயோடு வந்துவிட்டார். ஜோடி சேர்க்கணுமாம், கூலியாக ஒரு குட்டி தருகிறாராம். மாட்டேன் என்றேன். நம்பவில்லை. பீரோ மேலிருந்த எக்ஸ்ரேயை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கிண்ணத்தையும் பந்தையும் டாக்டர் காட்டிய மாதிரியே கையால் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். வாசலில் காது விறைத்து நின்ற பூபதியைப் பார்த்தார்.

"படம் கெடக்குது உடுங்க, நாய் ஜம்முனு இருக்குதே" என்றார்.