ரிவர்ஸ் இன்ஜினியரிங் படிக்கப் போய்: 32 பிட் நோட்ஸ், 64 பிட் லேப்டாப்

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்த வகுப்பு அது. ரிவர்ஸ் இன்ஜினியரிங் (சோர்ஸ் இல்லாமல், கம்பைல் ஆன நிரலைப் பிரித்து அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது) உண்டா என்று கேட்டுத்தான் பணம் கட்டினேன். "எல்லாம் உண்டு" என்றார்கள். கையில் தந்தது ஒரு பழைய ஜெராக்ஸ் கட்டு. அதில் எல்லாமே 32 பிட் பாடம். ஃபங்ஷனுக்குப் போகும் மதிப்புகளை ஸ்டாக்கில் (நிரல் தற்காலிகமாக மதிப்புகளை வைக்கும் நினைவகப் பகுதி) பார்க்கச் சொல்லும். என்னுடையது 64 பிட் உபுண்டு. ஸ்டாக்கில் எவ்வளவு தேடியும் அவை இல்லை. கேட்டால், "நோட்ஸ்ல உள்ளபடி செய்யுங்க" என்பதுதான் பதில். கொட்டுகிற மழையில் போய் அந்தப் பதிலை வாங்கி வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

விஷயம் இதுதான். 64 பிட் லினக்ஸில் முதல் ஆறு மதிப்புகள் (முழு எண், பாயின்டர்) ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள்ளேயே உள்ள சின்னச் சேமிப்பிடம்) போகும்: ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9. விண்டோஸில் ஆர்சிஎக்ஸில் தொடங்கி நான்குதான். எந்தப் பாடத்தை எடுத்தாலும் அது எதற்கு எழுதியது என்று முதலில் பாருங்கள். 32 பிட்டில்தான் பழக வேண்டுமென்றால் ஜிசிசி-மல்டிலிப் என்ற தொகுப்பை நிறுவிவிட்டு, கம்பைல் செய்யும்போது -எம்32 கொடுங்கள். இல்லாவிட்டால் ஹெடர் ஃபைல் இல்லையென்று கம்பைல் நின்றுவிடும்.

வகுப்பை விட்டுவிட்டு, கம்பைல் ஆன நிரலைப் பிரித்துக் காட்டும் கித்ரா என்ற மென்பொருளை இறக்கினேன். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2019-ல் இலவசமாக வெளியிட்டது. ஜாவா பதிப்பு மட்டும் பொருந்த வேண்டும், மற்றபடி சிரமமில்லை.

அப்புறம் பாஸ்வேர்டு கேட்கும் சின்ன சி நிரல் ஒன்றை நானே எழுதிப் பிரித்துப் பார்த்தேன். கித்ராவில் மெயின் ஃபங்ஷன் 00101189 என்ற முகவரியில் இருக்கிறது. ஜிடிபியில் (நிரலை இடையிடையே நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கர்) ஓட்டினால் 555555555189. இதில்தான் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். நினைவகத்தில் எந்த இடத்திலும் ஏற்றக்கூடியபடி நிரல் கம்பைல் ஆவதால் வரும் வித்தியாசம் இது. கடைசி மூன்று இலக்கம் மாறாது, அதைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த வசதியை நிறுத்தும் -நோ-பை கொடுத்துக் கம்பைல் செய்தால் இரண்டிலும் ஒரே முகவரிதான். அசெம்பிளி வரிகளைக் காட்டும் விதத்தில் ஜிடிபியை இன்டெல் முறைக்கும் மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் ஒவ்வொரு வரியும் கித்ராவுக்கு இடவலமாகத் தெரியும்.

தக்கலை நண்பன் சோர்ஸ் தராமல் ஒரு நிரல் அனுப்பினான். நிரலுக்குள் உள்ள எழுத்துத் தொடர்களைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையில் ஒன்றும் சிக்கவில்லை. பாஸ்வேர்டை எக்ஸார் செய்து (ஒரு சாவி மதிப்போடு பிட் பிட்டாகக் கலந்து) மறைத்திருந்தான். இரண்டு எழுத்துத் தொடர்களை ஒப்பிடும் ஸ்டிரிங் கம்பேரை அழைக்கும் வரியில் நிறுத்தி, ஆர்எஸ்ஐ காட்டும் இடத்தைப் பார்த்தேன். 'முட்டம்' என்று இருந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எந்த வகுப்பும் தந்திருக்காது!

அடுத்ததை -ஓ2 போட்டு (கம்பைலரே நிரலை வேகமாக்க மாற்றி எழுதும்), ஸ்ட்ரிப் செய்து (பெயர்களை நீக்கி) அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மெயின் என்ற பெயரே அதில் இருக்காது, என்ட்ரி பாயின்டிலிருந்து (நிரல் ஓடத் தொடங்கும் இடம்) தேடிப் போக வேண்டும்.