கண் தள்ளிக் காட்டினால் கை தள்ளிப் போகும்

மெய்நிகர் உலகில் கை அசைவை அளக்கும் பரிசோதனைகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. ஹெட்செட் மாட்டியவருக்குத் தன் கை தெரியாது, நாங்கள் வரைந்து காட்டும் கைதான் தெரியும். அதை உண்மையான கை இருக்கும் இடத்திலேயே காட்டலாம், கொஞ்சம் தள்ளியும் காட்டலாம். நிரலில் ஒரு வரி மாற்றம், அவ்வளவுதான்.

காட்டும் கை போகும் திசையை ஒரேயடியாக 30 டிகிரி வலப்புறம் திருப்பிவிட்டால் ஆள் உடனே கண்டுபிடித்துவிடுவார், "என்னங்க, கை எங்கேயோ போகுது" என்பார், அப்புறம் யோசித்து இடப்புறமாக நீட்டுவார். அதே 30 டிகிரியை ஒவ்வொரு முயற்சிக்கும் துளித்துளியாக ஏற்றினால் பலருக்குத் தெரிவதே இல்லை. என் திரையில் அவருடைய உண்மையான கையின் தடம் கோடாக ஓடும். அது இடப்புறம் நன்றாகவே சாய்ந்திருக்கும்போது "நேராத்தானே நீட்டுறேன்" என்று அவர் அடித்துச் சொல்வதைக் கேட்க எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அதனால் கை பழகிவிட்டதா என்று ஆளைக் கேட்டுப் பயனில்லை, இந்தத் திரிபை, அதாவது கையைத் தள்ளிக் காட்டுவதை, எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எடுத்த பிறகும் கை கொஞ்ச நேரம் இலக்குக்கு இடப்புறமே போய் நிற்கும். கை இருக்கும் இடத்தைக் கண்காணிக்கும் டிராக்கிங் கெட்டுவிட்டதாகப் புகார் வருவதும், வேடிக்கை என்னவென்றால், எல்லாம் சரியாக இருக்கும் அந்த நேரத்தில்தான்.

காட்சியைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்த விஷயம் இது. எனக்கு அதைவிடப் பிடித்தது மஸ்ஸோனியும் கிராக்கவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு. காட்சியை 45 டிகிரி திருப்பிவிட்டு, அதை ஈடுகட்டப் பக்கத்து இலக்கைக் குறிவைக்கும்படி ஆட்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். முதலில் குறி கச்சிதமாக விழுந்தது, போகப்போக விலக ஆரம்பித்தது. கை போக வேண்டிய இடம் ஒன்று, போனதாகத் தெரியும் இடம் வேறு என்றால் மூளை அதைப் பிழையாகவே எடுத்துக்கொண்டு திருத்துகிறது, நாம் யோசித்துப் போட்ட கணக்கை அது மதிப்பதே இல்லை. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இந்தத் திருத்தம் வெகுவாகக் குறைந்துவிடும்.

தாமதமும் இதைக் கெடுக்கும். அசைவு முடிந்து, விழுந்த இடத்தைச் சில நூறு மில்லிசெகண்ட் கழித்துக் காட்டினாலே இந்தத் தானியங்கித் திருத்தம் பலவீனமாகிவிடுகிறது. எங்கள் நேரத்தில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தைத் துரத்துவதிலேயே போகிறது, அழகான கை வரைவதில் இல்லை.

வேலை செய்யும் எங்களுக்கே இதில் ஒரு சிக்கல் உண்டு. நாள் முழுக்க ஹெட்செட்டோடு கிடப்பவரின் கை, அளவீடு ஒரு சென்டிமீட்டர் பிசகியிருந்தாலும் அதற்குப் பழகிவிடும், "எனக்குச் சரியாகத்தானே இருக்கு" என்பார். என்னைக் கேட்டால், அந்த வார்த்தைக்கு மதிப்பே கிடையாது. மேசையில் அளந்து குறித்த புள்ளியில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் முனையை வைத்து, மென்பொருள் சொல்லும் எண்ணோடு ஒப்பிட வேண்டும், ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு.

அமர்வு முடிந்ததும் திரிபில்லாமல் கொஞ்ச நேரம் கையை நீட்ட வைத்துத்தான் அனுப்புவோம். ஆனாலும் பழக்கம் முழுதாக அழிவதில்லை, மறுபடி வந்தால் அதே திரிபுக்கு முன்பைவிடச் சீக்கிரம் பழகிவிடுவார்கள். அதனால் ஒருமுறை வந்தவரை அதே பரிசோதனைக்குப் புது ஆளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.