சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்

மகளைப் பியானோ வகுப்பில் சேர்த்த விஷயம் மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் பரவியதிலிருந்து, லிஃப்டில் பார்க்கிற தமிழ் அம்மாக்கள் கேட்பதெல்லாம் "எந்த கிரேடு பரீட்சைக்குப் போறா?" என்பதுதான். அவளுக்கு ஏழு வயது. இப்போதைக்குப் பரீட்சை எதுவும் இல்லை, அடுத்த வருஷமும் அநேகமாக இருக்காது என்றால், அப்புறம் எதற்கு இவ்வளவு ஃபீஸ் என்கிறார்கள். லிஃப்டில் சொல்லி முடிக்க முடியாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

லண்டன் அமைப்புகள் நடத்தும் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இசைப் பரீட்சைகள்தான் அவர்கள் சொல்வது. இரண்டுமே நல்ல பரீட்சைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் இனிஷியல் என்ற தொடக்க நிலை, அதற்கு மேல் ஒன்றிலிருந்து எட்டு வரை கிரேடு. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாவது கிரேடுக்குப் போக ஐந்தாவது கிரேடு தியரியோ (இசை இலக்கணம்) அதற்குச் சமமான ஒன்றோ முடித்திருக்க வேண்டும், அதனால் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது அடித்தளத்தை உறுதியாக்கும். ஆனால் ஆறேழு வயதில் பரீட்சையை முன்னிறுத்தினால், வருஷம் முழுக்க அதற்கான அதே மூன்று உருப்படிகள்தான். விரலுக்கு மனப்பாடமாகிவிடும், காது வளராது. புதிய தாள் ஒன்றை வைத்தால் நாலு சுரம் சேர்ந்தாற்போல் வாசிக்க வராது.

நான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க விட்டதுதான். ஏழெட்டுக் குழந்தைகள். பாதி நேரம் யாரும் பியானோ பக்கமே போகவில்லை, கைதட்டித் தாளம், அப்புறம் பாட்டு. பிறகு மிஸ் (பாந்த்ராக்காரர், கோவா குடும்பம்) பிள்ளைகளைத் திரும்பி நிற்கச் சொல்லி ஒரு சுரம் வாசித்தார். முதலில் அதைப் பாட வேண்டும், அப்புறம் வந்து கட்டையில் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பையன் தப்புத் தப்பாக அழுத்திக்கொண்டே இருந்தான். மிஸ் காட்டிக் கொடுக்கவே இல்லை, மற்ற பிள்ளைகளை அந்தச் சுரத்தை மெதுவாக முனகிக்கொண்டிருக்கச் சொன்னார், அவ்வளவுதான். அவன் ஒவ்வொரு கட்டையாக நகர்ந்து, சரியானதைத் தொட்டதும் தானாகவே நின்றுவிட்டான். அங்கேயே ஃபாரம் வாங்கிவிட்டேன்.

பாட்டு வகுப்பு கெட்டுப்போகுமோ என்று என் மாமியாருக்குக் கவலை இருந்தது, அவர்தான் பேத்திக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லித்தருகிறார். "சி மேஜர்" என்று இவள் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்ததும், "இது நம்ம சங்கராபரணம்டி" என்றார். முத்துசுவாமி தீட்சிதர் அந்தக் காலத்து இங்கிலீஷ் பேண்ட் மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதியதும் இதே ராகத்தில்தானே. அப்புறம் "நம்ம சுருதி அஞ்சு கட்டை, எண்ணு" என்றார். சி-யிலிருந்து ஐந்தாவது வெள்ளைக் கட்டை, அதாவது ஜி. அதை சட்ஜமமாக, அதாவது ஸ-வாக வைத்து, ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் வாசித்தால் ரி, த, நி மூன்றும் கறுப்புக் கட்டையில் விழுகின்றன. இருவரும் தேடித் தேடிக் கண்டுபிடித்தார்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு மட்டும் பியானோவில் வழியில்லை, உள்ளே சுத்தியல் தட்டிய சுரம் தட்டிய இடத்திலேயே நிற்கும். அதற்குக் குரல் இருக்கிறது.

வீட்டில் எதில் பழகுவது என்பதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கடையில் முதலில் காட்டுவது பெரும்பாலும் 61 கட்டை கீபோர்டு, பஞ்சு மாதிரி அழுந்தும், அதில் பழகிய விரலுக்கு வகுப்பில் நிஜப் பியானோவின் கட்டை இறங்கவே இறங்காது. 88 கட்டைகள் உள்ள, வெயிட்டட் கீஸ் (நிஜப் பியானோ மாதிரி கனமாக அழுந்தும் கட்டைகள்) போட்ட டிஜிட்டல் பியானோ போதும். நீளம் நாலரை அடிக்குள் அடங்கும், ஹெட்ஃபோன் மாட்டினால் பக்கத்து ஃபிளாட்டுக்கும் தொந்தரவில்லை. மரப் பியானோ ஆசைதான், ஆனால் மும்பை மழைக்காலத்து ஈரத்தில் மரம் உப்பிக் கட்டைகள் சிக்கிக்கொள்ளும், சுருதியும் இறங்கி ஏறும். 1865-ல் தொடங்கிய ஃபர்ட்டாடோஸ் இசைக்கருவிக் கடை தோபி தலாவில் இருக்கிறது, அங்கே நாலைந்தை அழுத்திப் பார்த்தாலே கை சொல்லிவிடும். குழந்தையையும் கூட்டிப் போங்கள். முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வருகிறதா, கால் தொங்குகிறதா என்று பாருங்கள், தொங்கினால் ஒரு முக்காலி போட வேண்டும்.

ஜூனில் புதிய பேட்ச் தொடங்கும் இடமாக இருந்தால் பணம் கட்டும் முன்னால் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: தண்ணீர் தேங்கி ரயில் நின்ற நாளில் வகுப்பு இல்லாமல் போனால் அதற்கு ஈடாக வேறு நாள் தருவார்களா என்று. ஜூலையில் இது ஒருமுறையாவது வரும்.