அடுத்த லைஃப் யாருக்கு?

வீடியோ கேம் விளையாடி வளர்ந்தவன் என்று சொன்னால், கதவைச் சாத்திக்கொண்டு தனியறையில் திரையே கதியென்று கிடக்கும் ஒரு பையனைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நீடாமங்கலத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் வளரவில்லை. தனியறை என்ற ஒன்று எந்த வீட்டிலும் இல்லை என்பது ஒருபுறம் இருக்க, வீடியோ கேமே தெருவுக்கு ஒன்றுதான் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், தொண்ணூறுகளின் நடுவில் விடுமுறைக்கு வந்தபோது தம் மகனுக்காகக் கொண்டுவந்த பெட்டி அது. நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல்களுள் ஒன்று என்பது பின்னாளில் தெரிந்த சங்கதி. ‘தொண்ணூற்றொன்பதாயிரம் விளையாட்டுகள்’ என்று மேலே அச்சிட்ட மஞ்சள் கேசட் ஒன்றும் அதனுடன் வந்தது. போட்டுப் பார்த்தால் நாலைந்து விளையாட்டுகளே பெயரும் நிறமும் மாறித் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

அந்த ஆண்டுகளில் ஆட்டத்தை இயக்கும் ரிமோட் என் கையில் இருந்த நேரத்தைவிட, பிறர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் பல மடங்கு அதிகம். ஆனாலும் அந்த விளையாட்டுகளை நான் விளையாடினேன் என்றுதான் சொல்வேன், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. கேமிங் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், என் வரையில் அது விளையாடுபவனும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் சேர்ந்து செய்யும் காரியம். பக்கத்தில் இருப்பவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாதிதான்.

பெட்டியை மாட்டுவதே ஒரு சடங்கு. சாலிடேர் டிவியின் பின்னால் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெட்டியின் வயரைச் செருகி, ஒருவன் முன்னால் நின்று சேனல் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருக, திரையில் அலையடிக்கும் கோடுகளுக்குள்ளிருந்து முதலில் இசையும் பிறகு படமும் தெளியும். படம் வரவில்லையென்றால் கேசட்டை எடுத்து அதன் வாயில் ஊதுவோம். ஊதியதால் ஒன்றும் ஆகவில்லை, எடுத்து மறுபடி செருகியதால்தான் அது வேலை செய்தது. எச்சிலின் ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் தகடுகள் கெட்டுப்போகும் என்று நிண்டெண்டோ நிறுவனமே பிற்பாடு எச்சரித்தது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ தொடங்கும் முன் எல்லாவற்றையும் கழற்றி ஆன்டெனாவைப் பழையபடி மாட்டியாக வேண்டும் என்பது அந்த வீட்டு அம்மா விதித்த நிபந்தனை. அதை மீறும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

பத்துப் பேர் இருக்கும் கூடத்தில் இரண்டு ரிமோட்டுகளை எப்படிப் பங்கிடுவது? இதற்கு விடை விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்ற ஆர்கேட் எந்திரங்களில் ஒரு நாணயத்துக்கு இத்தனை உயிர் என்று கணக்கு வைத்தார்கள். ஆட்டக்காரன் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும் என்பது அதன் வணிக நியாயம். நாணயமே போடத் தேவையில்லாத வீட்டுக் கருவிக்கும் அந்த ‘லைஃப்’ கணக்கு பழக்கத்தால் தொற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவில் அதுவே பங்கீட்டின் அளவுகோலாகிவிட்டது. ஒரு லைஃப் போனால் ரிமோட் கை மாற வேண்டும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸிலோ இருவர் ஆடும்போது மாரியோ செத்தால் லூய்ஜியின் முறை என்று விளையாட்டே அந்த வேலையைச் செய்துவிடும். எங்கள் ஊரில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து, தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்து விடுவதும், கடைமடைக்காரர் தம் முறைக்கு ராத்திரியெல்லாம் வரப்பில் விழித்திருப்பதும் நாங்கள் பார்த்து வளர்ந்த காட்சிகள். ரிமோட்டுக்குக் காத்திருந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். இங்கும் மேல்மடைக்காரன் அடாவடி செய்வான். பெட்டிக்குச் சொந்தக்காரப் பையன், பள்ளத்தில் விழுந்த லைஃப் கணக்கில் சேராது என்று திடீரென்று ஒரு சட்டம் போடுவான்; கூடம் முழுக்கக் கூச்சலிட்ட பிறகு அது ரத்தாகும்.

காண்ட்ரா விளையாட்டில் இருவரும் ஒரே நேரத்தில் ஆடலாம். அதன் மூன்றாம் கட்டம் ஒரு நீர்வீழ்ச்சி. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். முந்திப் போகிறவன் ஏற ஏறத் திரையும் மேலே நகரும், கீழே தங்கிவிட்டவன் திரையின் அடி விளிம்பில் மாட்டிச் சாவான். எதிரி சுடவேயில்லை, கூட்டாளியின் அவசரமே கொன்றுவிட்டது. இந்த ஓர் இடத்தில் எங்கள் தெருவில் மூண்ட சண்டைகளுக்கு அளவில்லை. யாரோடு சேர்ந்து நீர்வீழ்ச்சி ஏறலாம், யாரோடு ஏறக்கூடாது என்று அப்போது மனத்தில் பதிந்த கணிப்புகள், அந்த ஆட்களைப் பொறுத்தவரை, முப்பதாண்டுகள் கழித்தும் பெரும்பாலும் மாறவில்லை.

காண்ட்ராவில் முப்பது லைஃப் தரும் அந்த ரகசிய வரிசையும் (மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ) எப்படியோ எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. கிரேடியஸ் என்ற விளையாட்டைக் கொனாமி நிறுவனம் 1986இல் வீட்டுக் கருவிக்கு மாற்றியபோது, அதைச் சோதித்துப் பார்க்கக் கூட முடியாத அளவுக்குக் கடினமாக இருக்கிறதென்று கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற நிரலாளர் தம் வசதிக்காக வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. இணையம் இல்லை, விளையாட்டுப் பத்திரிகையைக் கண்ணால் கண்டதில்லை, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவரும் அரிது. ஜப்பானில் ஒருவர் தம் சோம்பலுக்காக எழுதிய பத்து அழுத்தங்கள், கோடை விடுமுறைக்கு வந்த யாரோ ஒரு மாமா பையன் வாய்வழியாக நீடாமங்கலத்துக்கு வந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏறின. ஹஷிமோட்டோ 2020இல் மறைந்த செய்தியைப் படித்தபோது, அந்தத் தெருப் பையன்களில் தொடர்பில் இருந்த எல்லோருக்கும் அதை அனுப்பினேன். ஒருவர் தவறாமல் அதே பத்து அழுத்தங்களைப் பதிலாகத் தட்டி அனுப்பினார்கள்.

பார்ப்பவர்களின் வரிசையில் என் அக்காவும் இருந்தாள். பெண் பிள்ளைகளுக்கு முறை கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமலே அது நடந்தது. முறத்தை மடியில் வைத்து முருங்கைக் கீரையை உருவியபடி நிலைப்படியில் உட்கார்ந்திருப்பாள். மாரியோவில் 7-4 என்ற கோட்டை ஒரு சுற்றுவழி: சரியான தட்டில் சரியான வரிசையில் ஓடவில்லையென்றால் அதே இடமே முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும், நேரம் தீர்ந்து சாக வேண்டியதுதான். நாங்கள் அனைவரும் அங்கே முட்டிக்கொண்டிருந்தபோது, கீரையிலிருந்து நிமிராமலே “கீழ ஓடுடா, இப்ப மேல ஏறு, ஏறிட்டு உடனே இறங்காத” என்று அவள் சொல்லச் சொல்லச் சொந்தக்காரப் பையன் ஓடிக் கோட்டையைக் கடந்தான். ரிமோட்டைத் தொட்டே பார்த்திராதவளுக்கு அந்த வழி முழுவதும் பாடமாகியிருந்தது. ஆடுபவன் அடுத்த குதியை மட்டும் பார்க்கிறான், பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கோட்டை முழுவதும் தெரிகிறது. அந்தத் தெருவில் ஆகச் சிறந்த ஆட்டக்காரி அவள்தான் என்பது என் தீர்மானமான கருத்து.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கூடம் மன்னார்குடிக்கு மாறியது. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், மாடிப்படியில் செருப்புகளைக் கழற்றிவிட்டு ஏறும் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கணக்குக்குக் காசு. எனவே ஒருவன் காசு கட்டினால் மூவர் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. ஆடுகையில் இன்னொரு பயமும் சேரும்: அதில் ஒரு கட்டத்தின் நடுவே ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியே இல்லை, கரண்ட் போனால் அத்தனையும் போயிற்று. டெல்டாவில் கரண்ட் போகாத நாள் எது? ஜி.டி.ஏ. வைஸ் சிட்டியில் ‘டெமாலிஷன் மேன்’ என்றொரு பணி உண்டு. பொம்மை ஹெலிகாப்டரை விசைப்பலகையின் எண் விசைகளால் ஓட்டி, கட்டி முடியாத ஒரு கட்டடத்தில் நான்கு வெடிகுண்டுகளை வைக்க வேண்டும். பல ஊர்களில் பலருடைய கதை அங்கேயே நின்றுபோனது. எங்களில் ஒருவன் எண் விசைகளையும் மற்றொருவன் எஞ்சிய விசைகளையும் பிரித்துக்கொண்டு, நான்கு கைகளால் அதை முடித்தோம்.

கவுன்டர் ஸ்ட்ரைக் இன்னும் வேடிக்கையானது. ஹாஃப் லைஃப் விளையாட்டின் மேல் இரண்டு இளைஞர்கள் 1999இல் கட்டிய அந்த ஆட்டத்தில், சுடப்பட்டுச் செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை உயிரோடு இருப்பவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்ப்பதையே விதியாக எழுதிய விளையாட்டு! செத்தவன் வாயைக் கட்டிக்கொண்டிருப்பானா? “பொட்டிக்குப் பின்னாடி உட்காந்திருக்கான்டா” என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும், எதிரணியின் கல்லாக்காரப் பையன் எழுந்து வந்து சண்டை பிடிப்பான். பிரவுசிங் சென்டர் உரிமையாளர் இதற்கென்று, செத்தவன் கதவுக்கு வெளியே போய் நிற்க வேண்டும் என்று ஒரு விதி செய்தார். இரண்டே நாளில் படிக்கட்டு நிறைந்து, கீழ்த்தளத்துத் துணிக்கடைக்காரர் வந்து கத்தியதில் அந்த விதி காலாவதியாயிற்று.

இப்போது அக்காவின் மகன் கைப்பேசியில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. ஆடுகிறான். நூறு பேர் இறங்கும் தீவில் நால்வர் அணியாக, காதில் ஹெட்செட்டுடன், கும்பகோணத்திலும் திருவாரூரிலும் இருக்கும் நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆடுகிறான். அவனைத் தனியன் என்று சொல்வது நியாயமில்லை. எங்களுடைய பற்றாக்குறையைப் பொற்காலம் என்று பாடும் எண்ணமும் எனக்கில்லை. அக்காவுக்கு அன்று ஒரு கைப்பேசி இருந்திருந்தால் நிலைப்படியில் உட்கார்ந்திருக்க மாட்டாள். ஆனால் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது உள்ளங்கை அளவு திரையும் அதை மறைக்கும் இரண்டு கட்டைவிரல்களும்தான். பார்ப்பவர்கள் எல்லோரும் யூட்யூபுக்குக் குடிபோய்விட்டார்கள். தமிழில் பேசிக்கொண்டே ஆடும் ஒருவரை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லும் வழி, ஓடி மறையும் எழுத்துகளுக்கிடையே அவர் கண்ணில் பட்டால் உண்டு. அதோடு அந்த ஆட்டங்களுக்கு முடிவும் இல்லை. தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு, ‘சீசன்’ முடிந்தால் மறு சீசன் என்று வரச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு அது. மாரியோ கடைசிக் கோட்டையில் இளவரசியைக் கண்டதும் முடிந்துபோகும்; நாங்களும் எழுந்து வீட்டுக்குப் போவோம்.

எங்கள் பெரியவர்கள் வீடியோ கேமையும் ஆன்லைன் ரம்மியையும் ஒரே மூச்சில் திட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு சட்டம் இயற்றி, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை அவற்றுக்குத் தடை விதித்தது. ஒன்றிய அரசு 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த சட்டமோ அவற்றை முற்றாகத் தடை செய்து, போட்டி விளையாட்டாக ஆடும் இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து அங்கீகரித்தது. அந்தப் பிரிவினை சரியானது என்றே நினைக்கிறேன். ரம்மிச் செயலியில் இழந்தவர் தம் திரையைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவதில்லை, போர்வைக்குள் ஒளித்துக்கொள்கிறார். பார்க்க ஆள் வந்தால் மூடிவைக்கும்படி ஆகும் ஆட்டம் வேறு இனம்.

சென்ற ஆண்டு விடுமுறையில் மடிக்கணினியை அம்மாவின் வீட்டு டிவியில் இணைத்து, வெண்பா என்ற விளையாட்டை ஆடினேன். கனடாவின் டொராண்டோவில் உள்ள விசாய் கேம்ஸ் 2023இல் வெளியிட்டு, மறு ஆண்டே முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, விட்டுப்போன வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லிதான். தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நான் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டுகளில் நான் ஆடிய எந்தத் திரையையும் ஏறெடுத்துப் பார்த்திராத அம்மா, அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார்.

“குழிக்கு நேரா குழி வைக்காதடா, ஆவி எப்படி ஏறும்? அந்தத் தட்டைத் திருப்பு.”

திருப்பினேன். இட்லி வெந்தது. “அடுத்து என்ன வரும், புட்டா?” என்று கேட்டுக்கொண்டே அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு எனக்கு மவுஸை நகர்த்தும் வேலை மட்டுமே இருந்தது.